வாய்ப்பூட்டு

பேசுவதற்கும் சாப்பிடுவதற்கும் ஆண்டவன் ஒரே வாயைக் கொடுத்துவிட்டான். அதனால் மனிதனுக்கு எத்தனையோ தொல்லை. சாப்பிடும்போது பேசாதே என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். அதிகமாகப் பேசுகிறவனுக்குச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம் என்பதை அனுபவம் சொல்லிக் கொடுத்தது. வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடவும் முடியாமல் பேசவும் முடியாமல் இருக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். அது பல் டாக்டரின் நாற்காலி. மேடையில் மூன்று மணி நேரம் முழங்குகிறவரும் அங்கே போய் உட்கார்ந்தால் 'ஆ' என்ற ஓர் எழுத்தோடு சரி. "வலிக்கிறதா?" என்று கேட்டாலும் 'ஆ', "வலிக்கவில்லையே?" என்று கேட்டாலும் 'ஆ'.

நோயாளியின் வாய் அங்கே கட்டுப்பட்டுக் கிடப்பது இயற்கை. அதைப்பற்றி யாருக்கும் புகார் இல்லை. அவனுக்கும் சேர்த்துப் பேச வேண்டியவர் டாக்டர். என்ன செய்யப் போகிறார், எதை வைத்து அடைக்கப் போகிறார், அதனால் என்ன நன்மை, என்ன கெடுதல் என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவருடைய வாயையும் யாராவது பூட்டிவிட்டால்? பல்லில் வைத்து அடைக்கிற பாதரசத்தைப்பற்றி டாக்டர் வாய் திறக்கலாமா கூடாதா என்று அமெரிக்காவில் வெகுகாலம் ஒரு சண்டை நடந்திருக்கிறது.

கழுகுமலையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காக்காரன் பல்லைப்பற்றி உனக்கு என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊர் மலையில் சமண தீர்த்தங்கரர்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பல்வலி கிடையாது. மலைக்குக் கீழே குடியிருக்கிற எங்களுக்கு உண்டு. பக்கத்தில் கோவில்பட்டி. அந்த ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த அந்த மிட்டாயைக் கடித்தவர்களுக்குத் தெரியும், அது வயிற்றுக்குள் போவதற்கு முன்னால் கடைவாய்ப் பல்லில் எத்தனை நேரம் குடியிருக்கும் என்று. சர்க்கார் கொடுத்த குறியீடு மிட்டாய்க்கு. மிட்டாய் கொடுத்த குறியீடு எங்கள் பல்லுக்கு.

பல் சொத்தையானால் எங்கள் பக்கத்தில் 'பூச்சி விழுந்துவிட்டது' என்பார்கள். என் பாட்டி காலத்து வைத்தியம் எளிது. முதலில் கிராம்பு. அதற்குக் கேட்காவிட்டால் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, அந்தப் புகையை வாயில் பிடிக்க வேண்டும். பூச்சி மயங்கி விழுந்துவிடுமாம். பூச்சி விழுந்ததோ இல்லையோ, புகை பிடித்தவர் மயங்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கும் கேட்காவிட்டால் பிடுங்கிவிட வேண்டியதுதான். பல்லைப் பிடுங்காமல், சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டுக் குழியை அடைத்துக் காப்பாற்றலாம் என்பது எங்கள் ஜனங்களுக்குத் தாமதமாக வந்து சேர்ந்த பாக்கியம். ஏழை எளியவர்களுக்கு அந்தப் பாக்கியத்தைக் கொண்டுவந்ததில் பாதரச அடைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. விலை குறைவு, எச்சில் ஈரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், பத்து வருஷத்துக்கு மேலும் உழைக்கும். அதைக் குறை சொல்லுமுன் இந்த நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

கொஞ்ச நாளைக்கு முன்பு ஒரு காலையில் எதிர்வீட்டு அம்மாள் வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவள். வாசலில் நின்றபடியே, "அண்ணாச்சி, பல்லுல ரசம் வச்சு அடைச்சிருக்காகளாமே, அது வெசமா?" என்று கேட்டாள்.

அடுப்படியில் இருந்த என் மனைவிக்கு ரசம் என்றால் ஒரே ரசம்தான் தெரியும். "பல்லுலயா? புளி ரசமா, மிளகு ரசமா?" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். அவளுடைய மகளுக்கு ஐந்து மாதம். தலைப்பிரசவம். கல்யாணத்துக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்குக் கடைவாய்ப் பற்கள் இரண்டை அடைத்திருந்தார்கள். 'வெள்ளி அடைப்பு' என்று சொல்லித்தான் அடைத்தார்கள். இப்போது ஈறு வீங்கியிருக்கிறது என்று வெளியூரில் ஒரு பல் வைத்தியசாலைக்குப் போனபோது, "இது வெள்ளி இல்லை, பாதரசம். வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு ஆகாது. உடனே தோண்டி எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்குக் கேட்ட தொகை தாய்க்காரியின் இரண்டு மாதச் சம்பளம்.

"தோட்டை அடகு வச்சுப் பெரட்டிருவேன், அண்ணாச்சி. ஆனா தோண்டுறது சரிதானான்னு யார்ட்ட கேக்கன்னு தெரியல. நீங்க எழுதுறவுக, நாலும் படிச்சிருப்பீக" என்றாள்.

கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்காகவாவது இரண்டு நாள் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது.

அந்த அடைப்பின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு முதலியவற்றின் தூள். இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் முதலில் களிமண் மாதிரி இளகியிருக்கும். குழியில் வைத்து அழுத்தினால் சீக்கிரத்தில் இறுகிவிடும். பாதரசம் தமிழர்களுக்குப் புதிது அல்ல. சித்த வைத்தியர்கள் அதை ரசம் என்றும் சூதம் என்றும் சொல்லி, சுத்தி செய்த பிறகுதான் மருந்தில் சேர்க்க வேண்டும் என்று விதித்து வைத்தார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புறத்தில் ஒரு காலத்தில் பூசியதும் அதுதான். 'ரசம் போன கண்ணாடி' என்று இன்றும் சொல்கிறோம். இவ்வளவு பழகிய பெயர் இருக்கும்போது, பாதியளவு உள்ள சரக்கின் பெயரை விட்டுவிட்டு, அதைவிடக் குறைவாக உள்ள வெள்ளியின் பெயரை அடைப்புக்கு வைத்தார்களே, அங்கேதான் எல்லாக் குழப்பமும் ஆரம்பமாகிறது.

அமெரிக்காவுக்கு இந்த அடைப்பு வந்து சேர்ந்ததே பெயர் மாற்றத்தோடுதான். 1833-ல் கிராக்கூர் சகோதரர்கள் என்பவர்கள் நியூயார்க்கில் வந்து இறங்கினார்கள். வெள்ளி நாணயத்தைச் சுரண்டிய தூளைப் பாதரசத்தில் பிசைந்து, 'ராயல் மினரல் சக்ஸிடேனியம்' என்று ராஜ கம்பீரமாக ஒரு பெயரும் சூட்டி விளம்பரம் செய்தார்கள். தங்க ரேக்கை அடித்து அடைத்துக்கொண்டிருந்த கௌரவமான பல் வைத்தியர்களுக்குக் கோபம் வந்தது. 1840-ல் ஏற்பட்ட அமெரிக்கப் பல் சர்ஜன்கள் சங்கம், பாதரசத்தை உபயோகிப்பதில்லை என்று அங்கத்தினர்களிடம் பிரமாணம் எழுதி வாங்கியது. அந்தச் சண்டையிலேயே சங்கம் நலிந்து 1856-ல் கலைந்துபோயிற்று. மலிவான பாதரசம் ஜெயித்தது. மூன்று வருஷம் கழித்து அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் என்ற புதிய சங்கம் பிறந்தது.

சக்கரம் சுற்றியது. 1980-களில் இந்தப் புதிய சங்கம் தன் தொழில் தர்ம விதிகளுக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. பாதரசம் ஒவ்வாதவர்களைத் தவிர மற்றவர்களின் பல்லிலிருந்து, உடம்பில் உள்ள விஷத்தை எடுக்கிறேன் என்று டாக்டர் தாமாகவே யோசனை சொல்லி அடைப்பை எடுப்பது தர்ம விரோதம் என்பது அதன் சாரம். பாட்டன் காலத்தில் பாதரசத்தை வைத்தால் குற்றம். பேரன் காலத்தில் எடு என்று சொன்னால் குற்றம்! அடைப்பில் உள்ள பாதரசத்துக்கு விரோதமாகப் பேசிய டாக்டர்கள் சிலர், மாநிலப் பல் வைத்தியக் குழுக்களின் முன்னால் பதில் சொல்ல வேண்டி வந்தது. நோயாளியிடம் எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லக்கூட உரிமை இல்லையா, இது வாய்ப்பூட்டு இல்லாமல் வேறு என்ன என்று அவர்கள் கேட்டார்கள்.

சங்கத்தின் கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1990 டிசம்பரில் ஸி.பி.எஸ். டெலிவிஷனில், உங்கள் வாயில் விஷம் இருக்கிறதா என்று ஒரு நிகழ்ச்சி காட்டினார்கள். அடைப்பை எடுத்துவிடுங்கள் என்று ஜனங்கள் டாக்டர்களிடம் ஓடினார்கள். கொலராடோ மாநிலத்தில் ஹால் ஹக்கின்ஸ் என்ற பல் வைத்தியர், தீராத வியாதிகள் பலவற்றுக்கும் இந்த அடைப்பையே காரணமாகச் சொல்லி எடுத்துவந்தார். விசாரணை நடந்து 1996-ல் அவருடைய உரிமம் பறிக்கப்பட்டது. 2006-ல் இரண்டு பெரிய ஆராய்ச்சிகளின் முடிவுகள் வெளியாயின. அமெரிக்காவில் 534 குழந்தைகளையும், போர்ச்சுகலில் லிஸ்பன் நகரத்தில் 507 குழந்தைகளையும் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பாதரச அடைப்பும் மற்றதற்கு வேறு அடைப்பும் வைத்துப் பல வருஷம் கவனித்தார்கள். பாதரசம் வைத்த குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் சற்று அதிகமாக இருந்தது. ஆனால் அறிவு, ஞாபகம், நரம்பு ஆகியவற்றில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தென்படவில்லை.

அப்படியானால் பாதரசக் கட்சி ஜெயித்துவிட்டதா? அதுவும் இல்லை. மெல்லும்போது அடைப்பிலிருந்து சொற்ப ஆவி கிளம்புகிறது என்பதை இரண்டு கட்சியும் ஒப்புக்கொள்கின்றன. அமெரிக்க சர்க்காரின் உணவு, மருந்து இலாகா 2020 செப்டம்பரில் ஒரு யோசனை சொன்னது: கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், சிறுநீரகம் கெட்டவர்கள் முதலியோருக்குப் புதிதாக இந்த அடைப்பை வைப்பதைக் கூடியவரை தவிர்க்கலாம், ஏற்கனவே வைத்து நன்றாக இருப்பதைத் தோண்டி எடுக்க வேண்டாம். ஐரோப்பிய யூனியன் 2018-ல் கர்ப்பிணிகளுக்கும் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் தடுத்தது. 2025 ஜனவரியிலிருந்து, வைத்திய ரீதியாக அவசியமான இடம் தவிர, எல்லோருக்குமே நிறுத்தியது. மினமாட்டா உடன்படிக்கை என்று பாதரசத்துக்காகவே உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியாவும் 2018-ல் அதை உறுதி செய்திருக்கிறது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய அந்த நாடுகள், 2034-க்குள் பல் அடைப்பில் பாதரசத்தையே விட்டுவிடுவது என்று தீர்மானித்தன. அடைத்தவர்கள் எல்லோரும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்பது மட்டும் இதற்கு அர்த்தமல்ல. அடைப்புத் தூள் சாக்கடையில் போய், பிணங்கள் எரியும் புகையில் போய், காற்றையும் தண்ணீரையும் கெடுக்கிறது என்பதும் பெரிய காரணம்.

இவ்வளவையும் படித்துக்கொண்டு, தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு கோவில்பட்டியில் எனக்குப் பழக்கமான ஒரு பல் டாக்டரிடம் போனேன். வயதானவர், நிதானமானவர். நான் விஷயத்தைச் சொன்னதும், என்னைத் தனியாக ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார்.

"சார், இதெல்லாம் ஜனங்களிடம் பேசுகிற விஷயமில்லை. பாதரசம் என்றால் பயந்துவிடுவார்கள். அப்புறம் பல்லை அடைக்கவே வர மாட்டார்கள்" என்றார்.

"இப்போதும் பயந்துதானே வந்திருக்கிறார்கள்?" என்றேன்.

சிறிது நேரம் யோசித்தார். பிறகு அந்தப் பெண்ணை உட்காரவைத்து, வாயைப் பார்த்துவிட்டு, நாற்காலியை நிமிர்த்தினார். "இங்கே பாரும்மா. இதிலே பாதி பாதரசம்தான். நிசம். ஆனா இறுகி நல்லா இருக்கு. ஓரம் எங்கேயும் விடலை. இதனால பிள்ளைக்குக் கெடுதல்னு யாரும் நிரூபிக்கலை. இதைப் போய் இப்பத் தோண்டினா, தோண்டுற நேரத்திலேதான் ஆவி ஜாஸ்தியா வரும். மாசமா இருக்கும்போது அது வேண்டவே வேண்டாம். ஈறு வீக்கம் மாசமா இருக்கிறவங்களுக்கு வர்றதுதான், சுத்தம் பண்ணிவிடறேன். இனிமே ஏதாவது பல்லை அடைக்கணும்னா பாதரசம் இல்லாததா வச்சுக்கலாம்" என்றார்.

சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தாய்க்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். மகள் கும்பிடவில்லை. அவள் கேட்டாள்: "ஐயா, இதைப் பல்லை அடைச்ச அன்னைக்கே சொல்லியிருந்தா, நாங்க இன்னைக்குப் பயந்திருக்க மாட்டோமே?"

அடைத்தது அவர் அல்ல. ஆனாலும் டாக்டர் பதில் சொல்லவில்லை. கையைக் கழுவப் போய்விட்டார். பிரசவம் சுகமாக ஆயிற்று. அடைப்பு பல்லிலும், தோடு காதிலும் அப்படியே இருக்கின்றன.

அமெரிக்கச் சங்கங்களுக்கும் குழுக்களுக்கும் அந்தப் பெண் கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்க விரும்புகிறேன். பயமுறுத்திப் பணம் பறிக்கிறவன் எங்கே பிழைக்கிறான்? மற்றவர்கள் பேசாமல் விட்ட இடத்தில் பிழைக்கிறான். வெளியூர் வைத்தியசாலையில் சொன்னதில் பாதி நிஜம். 'இது வெள்ளி இல்லை, பாதரசம்' என்பது நிஜம். அந்தப் பாதி நிஜத்தை நல்ல டாக்டர்கள் சொல்லாமல் விட்டுவைத்திருந்ததால், மற்றப் பாதிப் பொய்யையும் அதோடு சேர்த்து விற்க முடிந்தது. பேசினால் ஜனங்கள் பயப்படுவார்கள் என்று வாயைப் பூட்டுகிறார்கள். பூட்டியது தெரிந்த பிறகு வருகிற பயம் பத்து மடங்கு.

வாய்ப்பூட்டு யாரைக் காப்பாற்றியது என்பதற்குப் பழைய சாட்சியம் உண்டு. அதில் ஒன்று எங்கள் சீமையின் தீப்பெட்டித் தொழிலைச் சேர்ந்தது. எதிர்வீட்டு அம்மாள் அடுக்குகிற குச்சியில் வெள்ளைப் பாஸ்பரஸ் இல்லை. 1913-லேயே இந்தியாவில் அதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அதற்குமுன் லண்டனில் அந்த மருந்தில் வேலை செய்த பெண்களுக்கு ஒரு நோய் வந்தது. பல்வலியாகத் தொடங்கும், கடைசியில் தாடை எலும்பே அழுகிவிடும். 1888-ல் பிரையண்ட் அண்டு மே கம்பெனியில் வேலை செய்த பெண்களின் கூலியையும் அபராதங்களையும் கஷ்டங்களையும்பற்றி ஓர் அம்மாள் பத்திரிகையில் எழுதினார். அந்தக் கட்டுரை பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போடும்படி பெண்களிடம் கேட்டார்கள். அவர்கள் மறுத்தார்கள், வேலைநிறுத்தம் வெடித்தது. எழுதிய அம்மாள் வேறு யாருமல்ல, பின்னால் நம் அடையாற்றில் வந்து குடியிருந்த அன்னி பெசன்ட்தான். பத்து வருஷம் கழித்து, 1898-ல், தாடை நோய் கண்டவர்களைச் சர்க்காருக்குத் தெரிவிக்காமல் மறைத்ததற்காக அதே கம்பெனிக்குக் கோர்ட்டில் அபராதம் விழுந்தது.

மற்றொன்று ஜப்பானில், மினமாட்டாவில். அங்கே கடலில் கலந்தது பல் அடைப்பில் உள்ள பாதரசம் அல்ல. அதைவிடப் பல மடங்கு கொடியதான மெதில் பாதரசம். சிஸ்ஸோ என்ற கம்பெனியின் ஆஸ்பத்திரித் தலைவர் ஹொஸொகாவா, ஆலைக் கழிவைப் பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1959-ல் 400-ம் நம்பர் பூனைக்கு ஊராரின் அதே நோய் வந்தது. வெளியே சொல்லக் கூடாது என்றது கம்பெனி. கழிவு பின்னும் பல வருஷம் கடலில் கலந்தது. 1970-ல், சாகக் கிடந்த படுக்கையிலிருந்துதான் அந்த டாக்டர் சாட்சி சொன்னார். அவர் பேசாமலிருந்த பதினொரு வருஷத்தில் எத்தனை தாய்மார் அந்த மீனைச் சமைத்துப் போட்டிருப்பார்கள்!

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கோடைக்கானலில் தர்மாமீட்டர் செய்த ஆலையின் பாதரசக் கழிவு, மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் டன் கணக்கில் கிடந்ததை 2001 மார்ச்சில் ஊரார் வெளிப்படுத்தினார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளிகளோடு கம்பெனி ஒப்பந்தம் செய்துகொள்ள 2016 ஆயிற்று. வெறுங்கையால் தொட்ட அந்தப் பளபளப்பான சரக்கைப்பற்றி முதல் நாளே விளக்கமாகச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் தொழிலாளிகளின் ஆதங்கம்.

ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆதாரமில்லாததைச் சொல்லி, நல்ல பல்லைத் தோண்டிக் காசு வாங்கினால், அது செய்கை. அதற்குத் தண்டனை கொடுக்கட்டும். இதில் பாதரசம் இருக்கிறது, எனக்கு இன்ன சந்தேகம் இருக்கிறது, மற்றவர்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்று நோயாளியிடம் சொன்னால், அது பேச்சு. அதற்குப் பதில் பேச்சுப் பேசட்டும். நம் நாட்டில் பல் டாக்டர்கள் விளம்பரம் செய்து ஆள் பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நல்ல விதிதான். நாற்காலியில் இருப்பவரிடம் உண்மையைச் சொல்வது விளம்பரத்தில் சேராது. நோயாளியின் சம்மதம் செல்ல வேண்டுமானால் அவருக்குப் போதிய விவரம் சொல்லியிருக்க வேண்டும் என்று 2008-ல் நம் சுப்ரீம் கோர்ட்டே ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பெயரைச் சொல்லாமல் வாங்கிய சம்மதம் எப்படிப் போதிய சம்மதமாகும்?

முருகன் கோயில்களில் வாய்ப்பூட்டு என்று ஒரு பிரார்த்தனை உண்டு. காவடி எடுத்து வருகிறவர்கள் சிலர் கன்னத்தில் வெள்ளி அலகு குத்திப் பூட்டிக்கொண்டு, சந்நிதி வரைக்கும் பேசாமல் வருவார்கள். சந்நிதியில் அலகை எடுத்து, விபூதி வைத்ததும், அவர்கள் உரத்த குரலில் 'அரோகரா' என்பார்கள். அந்தப் பூட்டைப் போட்டுக்கொண்டது அவர்கள், வலியும் அவர்களுடையது, கழற்றுகிற நேரமும் அவர்களுக்குத் தெரியும். டாக்டர் வாயில் போடுகிற பூட்டுக்கு இந்த மூன்றும் கிடையாது. போடுகிறவர் ஒருவர், பூட்டப்படுகிறவர் ஒருவர், வலி மட்டும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற மூன்றாமவருக்கு.